கும்மி போன வழி

செஞ்சியில் குடியிருக்கும் இருளர் குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடி, ஆடிப் பாடி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்த மாதம் சங்கச் செயலாளர் அன்புச்செல்வன் சிறப்பு விருந்தினர் ஒருவரை அழைத்திருந்தார். அவர் பேசிய பிறகுதான் சாப்பாடு என்றும் சொல்லிவிட்டார். மணி இரண்டாகியும் விருந்தினரைக் காணோம்.

கும்மியை நடத்திக்கொண்டிருந்த பச்சையம்மாளுக்குக் கால் கடுத்தது. பக்கத்துக் கூடத்திலிருந்து கருவாட்டுக் குழம்பின் வாசனை வேறு வந்து இழுத்தது.

"இன்னாண்ணே இது? இலையும் காயுது, புள்ளைங்க வயிறும் காயுது" என்றாள் செயலாளரிடம்.

"அவர் வர்ற வரைக்கும் ஆட்டம் நிக்கக் கூடாதும்மா" என்றார் அவர்.

நிற்கக் கூடாது, அவ்வளவுதானே? மேளம் அடித்த தன் வீட்டுக்காரருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, கைதட்டியபடியே மேடையை விட்டு இறங்கினாள். பின்னாலேயே பெண்கள், பிள்ளைகள், மேளம். எல்லோரும் ஆடிக்கொண்டே பந்திக்குள் நுழைந்து, தாளம் தப்பாமல் ஆளுக்கோர் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்புச்செல்வன் தலையில் கை வைத்தபோது, விருந்தினர் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"வண்டி வழியிலேயே பஞ்சர் சார். பேச்சு கெடக்கட்டும், எனக்கும் ஒரு இலை போடுங்க."

பச்சையம்மாள் சிரித்துக்கொண்டே தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.