தலை விழுந்தால் கை தூக்கு

“கை தூக்கினவங்க பேரை நீங்களே சொல்லிடுங்க மேடம். போட்டோல பாதிப் பேர் முகமே தெரியல” என்றார் கல்லூரி முதல்வர். வகுப்பு ஜன்னல் வழியாகத் திருட்டுத்தனமாக எடுத்த படம் அவர் போனில் இருந்தது. மேசையைச் சுற்றித் துறைத்தலைவர்கள். படத்தில் முகம் முழுசாகச் சிக்கிய ஒரே பாவம், முதல் பெஞ்சுப் பெண், கதவோரம் நின்றிருந்தாள். தேர்வு எழுத விடமாட்டோம் என்று அவளிடம் சொல்லியாகிவிட்டது.

புள்ளியியல் என்றால் பைக்குள் கைவிட்டுச் சிவப்புப் பந்து எடுக்கிற கணக்கு என்று தூங்கிக்கொண்டிருந்த வகுப்பு அது. பஸ் தாமதம், கேன்டீன் டீ என்று எதையாவது வைத்துத்தான் அவர்களை இழுத்துப் பிடித்திருந்தேன். அன்றைய கேள்வி, பரீட்சையில் பிட் அடித்தீர்களா? நேராகக் கேட்டால் எவன் சொல்வான்? ஆளுக்கொரு காசு சுண்டச் சொன்னேன். விழுந்ததை யாருக்கும் காட்டக்கூடாது. தலை விழுந்தால், அடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் கை தூக்க வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தலை விழும். அதற்கு மேல் எழுகிற கைகளை வைத்து வகுப்பின் லட்சணத்தைச் சொல்லிவிடலாம், தனி ஆளைப் பிடிக்க முடியாது. இதை மூன்று தடவை விளக்கியும் முதல்வர் மண்டையில் ஏறவில்லை. ஏற்றிக்கொள்ள அவருக்கு மனசும் இல்லை.

“எனக்குத் தலைதான் விழுந்துச்சு” என்றாள் அந்தப் பெண், எரித்துவிடுவதுபோல என்னைப் பார்த்து. “யாரும் மாட்ட மாட்டீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நம்பினதுக்கு நல்லா செஞ்சீங்க மேடம்.”

எனக்குச் சுருக்கென்றது.

“எல்லாரும் இப்படித்தான் காசு மேல பழி போடுவாங்க. நெருப்பில்லாம புகையுமா?” என்றார் முதல்வர்.

“அப்ப நீங்களும் சுண்டுங்க சார். எல்லாரும் சுண்டுங்க. அதே விதிதான்” என்றேன்.

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சுண்டினார்கள். ஒன்பது காசு. ஆளாளுக்கு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளங்கையால் மூடிக்கொண்டார்கள்.

“சிபாரிசுக்காக யாருக்காவது இன்டர்னல் மார்க் கூட்டிப் போட்டிருக்கீங்களா? தலை விழுந்தவங்க எப்படியும் கை தூக்கியாகணும்” என்றேன்.

சிரிப்பு நின்றது. ஒரு கைகூட எழவில்லை. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், இன்னொருவர் கண்ணாடியைத் துடைத்தார்.

“ஒன்பது பேருக்குமே பூவா விழுந்துச்சு?” என்றாள் கதவோரப் பெண்.

நான் எழுந்துபோய் முதல்வர் பக்கத்தில் நின்றேன்.

“கையை எடுங்க சார், பார்ப்போம்.”

காசின் மேல் இருந்த கை இன்னும் கொஞ்சம் அழுந்தியது.