மேஜர் வீட்டுக் காபி

அனுசூயா வைத்த காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அலமு அதைத் தொடவே இல்லை. மான்ட்ரியலின் பியர்பொன்ட்ஸ் பேட்டையில் இந்த வீட்டுக்கு வந்தால் இரண்டாம் டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பவள், இன்று சோபா நுனியில் யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வருஷம் அண்ணா ரெஸ்ட் எடுத்துக்கட்டுமே, அனு. கொடியை வேற யாராவது ஏத்தட்டும்னு சங்கத்துல நினைக்கறாங்க. குழந்தைங்கள்லாம் வருது பாரு..."

"வந்தா? இவர் கடிச்சு வெச்சுடுவாரா?"

அனுசூயாவின் மடியில் மேஜர் சுந்தரராஜனின் பதக்கங்கள் கிடந்தன. அவள் புருஷனுடையவை. ஆகஸ்ட் வந்தால் அவற்றைத் துடைத்துத் தருவது அவள் வேலை. சுதந்திர தினத்தில் அவர் அவற்றைக் கோட்டில் குத்திக்கொண்டு நின்றால், மான்ட்ரியலில் உள்ள நம் டாக்டர்களும் என்ஜினீயர்களும் பிள்ளைகளை அவர் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். பத்து வருஷத்துக்கு முன், எழுபத்தொன்றில், எல்லையில் சண்டை போட்ட வீரராயிற்றே! அங்கே பார்த்ததை நினைத்து அவர் தூக்கத்தில் கத்துவதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் அவர் உயிரை விடத் துணிந்தார். பஸ்ஸுக்குப் போன அனுசூயா மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்தாள், அதனால் பிழைத்தார். அன்றைக்கு அவள் ஒரே ஒருத்திக்குத்தான் போன் செய்தாள், அலமுவுக்கு. "அவரைத் தனியா விடக்கூடாதாம்டி. நம்மவங்க மாத்தி மாத்தி வந்து கொஞ்ச நேரம் சீட்டாடிட்டுப் போனாப் போதும்" என்று அழுதாள். அலமுவும் அழுதாள். எல்லாரையும் அனுப்புவதாகச் சத்தியம் வேறு செய்தாள்.

யார் வந்தார்கள்? ஈ காக்கை வரவில்லை. செய்தி மட்டும் மான்ட்ரியல் தீவு முழுக்கச் சுற்றியது. எதிர்வீட்டுக் கிழவர் கஸ்தோன்தான் தினமும் டோநட் பொட்டலத்தோடு வந்து கராஜில் உட்கார்ந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் சண்டை போட்டவர். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, மேஜருக்குப் பிரெஞ்சு வராது. ஆனாலும் மணிக்கணக்கில் பேசுவார்கள். புதன்கிழமைகளில் சென்ட்-ஆன் ராணுவ ஆஸ்பத்திரிப் பக்கத்துப் பழைய சிப்பாய்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"பைத்தியம் எங்க பரம்பரை ரத்தத்துலயே இருக்குன்னு சொன்னது நீதானாமே?" என்று கேட்டாள் அனுசூயா.

அலமு முந்தானையைத் திருகினாள். "நான் என்னடி பண்றது? என் தம்பி மணிவாசகத்துக்குப் பொண்ணு பாக்கறோம். அவனும் அதே சண்டைக்குப் போனவன். பட்டாளத்துக்காரன்னாலே இப்படித்தான்னு பேச்சு வந்தா எவன் பொண்ணு குடுப்பான்?"

அடிப்பாவி! அனுசூயா காபியை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டினாள்.

சுதந்திர தினத்தன்று ஒரு கண் டாக்டர் கொடியேற்றினார். லட்டு கொடுக்கத் தொடங்குமுன் அனுசூயா மேடையேறி மைக்கைப் பிடித்தாள். பக்கத்தில் பதக்கங்களோடு மேஜர்.

"ஏப்ரல்ல இவர் சாகப் பாத்தார். இது ரத்தத்துல வந்ததில்லை, சண்டையில வந்தது. இப்ப இருக்கார். புதன்கிழமை எங்க கராஜ் திறந்திருக்கும். மனசு தாங்காதவங்க யார் வேணா வாங்க."

பிறகு லட்டு கொடுத்தார்கள். அவர்கள் இருவருக்கும் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

புதன்கிழமைகள் போயின. நம்மவர் ஒருவரும் வரவில்லை. அக்டோபரில் ஒரு சாயங்காலம் அலமு வந்து நின்றாள், கண்ணெல்லாம் வீங்கி. வாசலில் காரில் மணிவாசகம் தலை கவிழ்ந்திருந்தான்.

"சாப்பிட மாட்டேங்கறான் அனு. இருந்து என்ன பிரயோஜனம்ங்கறான். பயமா இருக்குடி. யார்கிட்டயும் சொல்லிடாதே."

மேஜர் எழுந்து காருக்குப் போனார். கதவைத் திறந்து, "வாப்பா, உள்ள போலாம்" என்று தோளில் கை போட்டுக் கராஜுக்கு அழைத்துப்போனார். கஸ்தோன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

அனுசூயா காபி கலந்தாள். கோபம் தீரவில்லை, இருந்தும் கலந்தாள்.

"பொண்ணு வீட்டுக்குச் சொல்லிட்டியா?"

"ஐயையோ! தையில கல்யாணம். நிச்சயமே ஆயாச்சுடி!"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லு. இல்லேன்னா அவளும் ஒருநாள் குடையை மறந்துட்டுத் திரும்பி வரணும்னு சாமியை வேண்டிக்கோ."

அலமு காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.