வால் மாற்றிய கோப்புகள்

அரசாணை நாலே வரி. இனி அலுவலகக் கோப்புகள் எல்லாம் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய பொது வடிவத்தில்தான் இருக்க வேண்டும். பழையவற்றையும் மாத முடிவுக்குள் மாற்றியாக வேண்டும்.

"முதல் ஆபீஸா நாம முடிச்சுக் காட்டினா, உங்க டிரான்ஸ்ஃபருக்கு நானே எழுதித் தரேம்மா," என்றார் அதிகாரி.

தட்டச்சருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கணவனும் மகளும் ஓர் ஊரில், அவள் ஓர் ஊரில். மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்தும் அம்மா இன்னும் விருந்தாளி மாதிரிதான் வீட்டுக்குப் போய்வந்தாள்.

பக்கத்து மேசைக்காரருக்கு ஆபீஸ் வைத்த பெயர் ஆமை. அவர் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, புது வடிவத்தில் சேமித்து, கலைந்த வரிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். கலையாமல் என்ன செய்யும்? ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே பட்டியல் போட்டுப் பழகிய ஆபீஸ் அது.

அவளுக்கு அந்தப் பொறுமை ஏது? கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பிறகு வரும் வாலை அழித்துப் புது வாலை ஒட்டினாள். கோப்பின் சின்னப் படமும் மாறியது. வேலை முடிந்தது என்று மனதார நம்பினாள். ஃபோல்டர் ஃபோல்டராக ஒரே மூச்சில் மாற்றவும் கற்றுக்கொண்டாள். மேலிடம் எண்ணிக்கையைத்தான் கேட்டது. எதையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. ஆபீஸுக்கு முதலிடம். அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை.

சொன்னபடி அவர் பரிந்துரைக் கடிதம் சொல்ல, அவளே தட்டி, வழக்கம்போல் வாலை மாற்றித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். மதியம் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், உங்க லெட்டர் திறக்கவே மாட்டேங்குது. பேரை மட்டும் மாத்திட்டீங்க போல. டப்பாவுல லேபிளை மாத்தினா உப்பு சர்க்கரை ஆயிடுமா? ஒழுங்கா சேமிச்சு அனுப்புங்க."

அனுப்பினாள். திறந்தது. அப்படியானால் மற்ற கோப்புகள்? அதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மூச்சு விடாதீங்க. ஆடிட் வரும்போது நீங்க ஊர்ல இருப்பீங்க. உங்க மேசை ஆமைக்குத்தான். அவர் பார்த்துப்பார்."

"அவர் தலை உருளும் சார்."

"இப்ப சொன்னா முதலிடமும் போச்சு, உங்க டிரான்ஸ்ஃபரும் போச்சு. யோசிச்சுக்குங்க."

வெளியே ஆமை கழுத்தைத் தேய்த்துவிட்டபடி சிரித்தார். "டிரான்ஸ்ஃபர் கிடைச்ச மாதிரிதானாமே! பாப்பாவுக்கு இனிமே கொண்டாட்டம்தான்."

பாவி மனுஷன், கொஞ்சம் பொறாமையாவது பட்டிருக்கக் கூடாதா! போனை எடுத்துத் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"அந்த லெட்டர் மட்டும் இல்லைங்க. எங்க ஆபீஸ் கோப்புல முக்கால்வாசி அப்படித்தான். செஞ்சது நான்."

மாற்றல் அன்றைக்கே நின்றது. அதிகாரி அவளிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆமை தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தித் தன் கணினி முன்னால் அவளுக்கு இடம்விட்டார்.

சாயங்காலம் மகளிடம் போனில் பேசினாள்.

"அம்மா இந்த வருஷம் வரலைடா கண்ணு. ஒரு வேலையைத் தப்பா செஞ்சுட்டேன். எல்லாத்தையும் திரும்பச் செய்யணும்."

குழந்தை அழும், அடம்பிடிக்கும், சமாதானம் சொல்லலாம் என்றுதான் காத்திருந்தாள்.

"சரிம்மா," என்றது குழந்தை. "அப்பாகிட்ட தரவா?"