நடுவில் இருந்த கல்

எழுபத்துநாலாம் ஆண்டு, மூதூர் வீதியில் பழைய பாலம் ஒன்றை உடைத்துப் புதிதாகக் கட்ட முடிவானது. அதற்கு முன் அங்கே பழங்காலத்துப் பொருள் ஏதும் உண்டா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது தொல்பொருள் கந்தோர் உத்தியோகத்தர் யேசுரட்ணத்தின் வேலை. இதற்குமுன் எட்டுப் பாலம் பார்த்துவிட்டார். கண்டெடுத்தது வெள்ளைக்காரன் குடித்துவிட்டு எறிந்த போத்தல்கள்தான். கந்தோரில் ‘போத்தல் ஐயா’ என்று பட்டமே வைத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவருக்குத் தாமரை இதழ் செதுக்கிய கல் அகப்பட்டால் தலைகால் புரியுமா? பாலத்தடி மருதமரத்தின் கீழ் மூன்று சின்னக் கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. நடுவில் இருந்த செதுக்குக் கல்லைப் பிடுங்கி, கழுவி, வெள்ளைப் பெயின்றால் 1 என்று இலக்கமிட்டு ஜீப்பில் ஏற்றிவிட்டார். மற்ற இரண்டும் வெறுங்கல். ‘எல்லைக்கல்’ என்று பதிந்தார். புதுப் பாதை அவற்றின் மேலால்தான் போக இருந்தது.

மறுநாள் காலையில் அந்த ஊர்க்காரி ஆமினா உம்மா வந்து நின்றாள். அழுத கண்.

“ஐயா, நடுவில கிடந்த கல் எங்க?”

“அது பழைய காலத்துக் கல் உம்மா. கந்தோருக்குப் போகுது.”

“அது என்ட மகளை அடக்கின இடத்தில நட்ட மீசான் கல். ஆம்பிளைக்கு ரெண்டு, பொம்பிளைக்கு மூண்டு. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில பாலத்துக்கு மேலால தண்ணி. பள்ளிவாசலுக்குக் கொண்டுபோக ஏலாம இதிலயே அடக்கினம். என்ட மனிசன் ஆத்தில கிடந்த கல்லைத் தூக்கி வெச்சவர். அதில என்ன செதுக்கிக் கிடக்கெண்டு ஆர் பார்த்த?”

யேசுரட்ணம் கூசிப்போனார். பள்ளிவாசல் மதிலுக்குள் மீசான் கற்களைப் பார்க்காதவரா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பாலையூற்றுச் சேமக்காலையில் அவருடைய அம்மா அடக்கமாகிக் கிடக்கிறாள். அவள் தலைமாட்டுச் சிலுவையை எவனாவது பிடுங்கி இலக்கம் போட்டிருந்தால்?

கல்லைக் கொடுத்தால் மறுபடியும் போத்தல் ஐயாதான். கொடுத்தால் மட்டும் போதாது, இது ஒரு கபுறு, அடக்கிய இடம் என்று எழுதவும் வேண்டும். எழுதினால்தான் பாதை விலகும். ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். கல்லைத் தானே தூக்கிவந்து பழைய குழியில் நட்டார். தேங்காய்த் தும்பால் எவ்வளவு தேய்த்தும் அந்த 1 போகவில்லை.

“பெரிய பிழை விட்டிட்டன் உம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

பதிவேட்டில் ‘எல்லைக்கல்’லை வெட்டினார். “மகளின்ர பேரைச் சொல்லுங்கோ.”

“பேர் வைக்கிறது ஏழாம் நாள். அவள் நாலு நாள்தான் இருந்தவள்.”

பேனை நின்றுவிட்டது. பெயரில்லை என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. ஆமினா உம்மா கல்லைத் தடவியபடி குந்தியிருந்தாள்.

“றுக்கியா எண்டு எழுதுங்க. மனசுக்குள்ள வெச்ச பேர். ஒருத்தருக்கும் சொல்லேல்ல.”

எழுதியதை அவர் உரக்க வாசித்தார். “றுக்கியா. வயது நான்கு நாள். பாதை விலகிச் செல்ல வேண்டும்.”

“பேரை மட்டும் இன்னொருக்கா வாசியுங்க ஐயா,” என்றாள் ஆமினா உம்மா.