சுண்ணாம்பு பூசாத கலயம்

சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறினால் பதநீர். மாறாவிட்டால் கள். என் வேலை இவ்வளவுதான்.

பனைமரத்தில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால், பாளையிலிருந்து வடியும் சாறு புளிக்காது. பூசாவிட்டால் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். மதுவிலக்கு இருந்ததால் சுண்ணாம்பு பூசாத கலயம் குற்றம். அதைப் பிடிக்க பி.எஸ்ஸி. ரசாயனம் படித்த ஓர் ஆளைச் செஞ்சியில் வைத்திருந்தார்கள். வீட்டில் மனைவி லீலாவதி. ஆறு மாத கர்ப்பம். எனக்கு இருபத்தேழு வயது.

1964 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. சிங்கவரம் போகும் பாதையில் இளையபெருமாள் என்பவருக்குப் பன்னிரண்டு மரங்களுக்கு லைசென்ஸ் இருந்தது. சொல்லாமல் போய் நின்றேன். விடிந்துகொண்டிருந்தது. அவர் கலயங்களை இறக்கி வரிசையாக வைத்திருந்தார். அவர் மனைவி தனகோட்டி வெல்லம் காய்ச்ச அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

பதினொரு கலயங்களில் தாள் நீலமாயிற்று. பன்னிரண்டாவது, வரப்போர மரத்தினுடையது. புதுக் கலயம். தாள் சிவப்பாகவே இருந்தது. இன்னொரு தாள் போட்டேன். சிவப்பு.

"சுண்ணாம்பு எங்கே?"

"மறந்துட்டேன் சார்."

"பதினொண்ணுக்கு மறக்கலே. ஒண்ணுக்கு மட்டும் மறந்துட்டியா?"

"ஆமா சார்."

தனகோட்டி எழுந்து வந்தாள். "சார், அது இன்னான்னா..." என்று ஆரம்பித்தாள்.

"நீ போயி அடுப்பப் பாரு" என்றார் இளையபெருமாள். அவள் நின்றாள். "போன்றேன்ல" என்றார். போனாள்.

யாரோ ஒரு வாடிக்கைக்காரனை மறைக்கிறார் என்று நினைத்தேன். 'சுண்ணாம்பு இல்லை. கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினைந்து நாள் ஜெயில். லைசென்ஸ் ரத்து.

அன்று வீட்டுக்கு வந்து லீலாவதியிடம் சொன்னேன். "இன்னிக்கி ஒரு கேஸ்."

"யாரு?"

"இளையபெருமாள்னு ஒருத்தன். சிங்கவரம் ரோட்ல. ஒரு கலயத்துக்குச் சுண்ணாம்பு பூச மறந்துட்டானாம்."

அவள் எனக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். குனிந்தபடியே கேட்டாள்: "நெசமாவே மறந்திருக்கலாம்ல?"

"மறக்கிறவன் எதுக்கு மரம் ஏறணும்?" என்றேன். என் பதில் எனக்கே பிடித்திருந்தது. இரண்டு நாள் கழித்து ஆபீசிலும் அதைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. கர்ப்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நானும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். ஜூலையில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே அவளும் குழந்தையும் போய்விட்டார்கள்.

டிசம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை தனகோட்டி வந்தாள். கையில் ஓர் எவர்சில்வர் தூக்கு. மூடியில் 'ச. லீலாவதி' என்று வெட்டியிருந்தது. சீர்ப் பாத்திரம். ச என்பது என் மாமனார் சம்பவநாதன்.

"இன்னா சார், தெர்லியா? உங்க வூட்டுதுதான். எட்டு மாசமா எங்ககிட்ட கெடக்குது."

"உங்க வீட்டுக்கு எப்படி வந்தது?"

"அன்னிக்கி இதுல ஊத்தித்தான் எடுத்தாரணும். நீங்க கேஸ் எழுதிட்டீங்க. காலித் தூக்கு எங்கிட்டயே நின்னுடுச்சி. எத்தினியோ வாட்டி வரணும்னு பாத்தேன். அம்மா செத்துப்போன வூட்டுல வந்து இன்னான்னு சொல்றது?"

நான் கேட்காமலே சொன்னாள்.

"வாயெல்லாம் புண்ணு அதுக்கு. சோறு நிக்கல, கஞ்சி நிக்கல. மொதல்ல சுண்ணாம்பு போட்ட பதநிதான் குடுத்தேன். வாய்ல எரியுது தனகோட்டின்னுச்சி. அப்பறம்தான் அவரு ஒரு கலயம் தனியா கட்னாரு. தெனம் புதுக் கலயம் சார். வெந்நி ஊத்திக் கழுவி, பொகை காட்டிக் கட்டுவாரு. நீங்க சைக்கிள எடுத்துக்கினு போனப்புறம் நான் பின்பக்கமா வருவேன். அப்பவும் ஒடனே குடிக்காது. வெயில் வரட்டும், வெயில் வரட்டும்னு குந்திக்கினு இருக்கும். புளிச்சிப்பூடும்மா, குடிம்மான்னு நான் அடிச்சிக்குவேன்."

நாங்கள் ஜைனர்கள்; ஊரில் நயினார் என்பார்கள். சூரியன் எழுமுன்னும் மறைந்தபின்னும் சாப்பிடுவதில்லை. தேன் தொடுவதில்லை. நான் கல்லூரியில் இருந்தபோது இதிலெல்லாம் தளர்ந்துபோனேன். அவள் தளரவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"யாரு, அம்மாவா?" தனகோட்டி என்னைப் பார்த்தாள். "அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்னுச்சி. கொழந்த பொறக்கட்டும், நானே சொல்லிக்கிறேன், அப்ப திட்டமாட்டாருன்னுச்சி."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். லைசென்ஸுக்கு மறுபடி மனுக் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை விசாரணை. பழைய கேஸ் இருப்பதால் கிடைக்காது என்று எழுத்தர் சொல்லியிருக்கிறான். இந்த வருடமும் இல்லையென்றால் மரங்களை வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்கள்.

"கல்லு ஒடைக்கப் போறாரு சார். ஏர்ற ஒடம்பு அது. குனிஞ்சி செய்யிற வேல வரல. ரெண்டு வெரலு நசுங்கிப்போச்சி. நீங்கதான் எழுதினீங்க. நீங்களே இன்னொண்ணு எழுதினா ஆவாதா?"

நான் தூக்கு மூடியில் வெட்டியிருந்த பெயரைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"இன்னா யோசிக்கிறீங்க? அம்மா பேருக்கா, உங்க வேலைக்கா?"

அன்றே சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். வலிப்பு ரத்த அழுத்தத்தால் வருவது, சாப்பிட்டது சாப்பிடாததால் வருவதல்ல, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். நன்றி சொல்லி வந்துவிட்டேன். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை மூன்று மாதம் எதுவும் வயிற்றில் நிற்காமல், என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அதைப் பற்றி அவரிடம் எப்படிக் கேட்பது?

சனிக்கிழமை மாமனாரிடம் போனேன். பஜாரில் அவருக்கு நிலக்கடலை மண்டி. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மாதிரிக்கு வந்த கடலையை உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உடைப்பதை நிறுத்தவில்லை.

"திங்கக்கெழம இத்த எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

"ஆமாம் மாமா."

"எங்க லீலா கள்ளு குடிச்சான்னு."

"கள் இல்லை மாமா. பதநீர்."

"சுண்ணாம்பு இருந்துச்சா?"

"இல்லை."

"சுண்ணாம்பு இல்லன்னா கள்ளுன்னு எழுதினது யாரு மாப்ளே? நானா?"

அவர் கடலைத் தோலை ஊதினார்.

"ஜொரத்துல கெடந்தப்பக்கூட பொழுது சாஞ்சா தண்ணி குடிக்காது அது. நைனா, நாளைக்கிக் காலையில குடிக்கிறேன்னும். அத்தோட பேரு சர்க்கார் காயிதத்துல ஏறணும். பஜார்ல நாலு பேரு சிரிக்கணும். செத்தப்புறமும் வுடமாட்டீங்களா?"

"அந்த ஆளுக்கு மரம் போயிடும்."

"போவட்டும்னு நான் சொல்லலியே. வேற வழி பாருங்க. படிச்சவரு நீங்க."

அவரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. புதுக் கலயமானாலும், வெந்நீர் ஊற்றிக் கழுவினாலும், இரவெல்லாம் வடிந்த சாறு விடியும்போது கொஞ்சம் புளித்துத்தான் இருக்கும். அவள் வெயிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் புளித்திருக்கும். விரதத்துக்காகக் காத்திருந்தாள். அவள் குடித்தது கள் அல்ல என்று நான் சத்தியம் செய்ய முடியாது. படித்தவன் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். முதலில் உள்ளது உள்ளபடி. 'என் மனைவி வாய்ப்புண்ணால் அவதிப்பட்டு, சுண்ணாம்பு சேராத சாற்றை மேற்படி இளையபெருமாளிடம் கேட்டுப் பெற்று வந்தார். நான் கோபிப்பேன் என்று அஞ்சி என்னிடம் மறைத்தார்.' இரண்டாவது வாக்கியத்தில் பேனா நின்றது. அதை அடித்தேன். அடித்தால் விஷயம் நிற்கவில்லை. ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்பார். அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். அது சுலபமாக வந்தது.

திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் அதிகாரி என் காகிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரே இளையபெருமாள் நின்றிருந்தார். இடது கையில் இரண்டு விரல்களுக்குத் துணி சுற்றியிருந்தது. தனகோட்டி கதவோரம்.

"சுண்ணாம்பு இல்லாத கலயத்தை நீங்களே கேட்டுக் கட்டச் சொன்னீங்களா?"

"ஆமாம் சார்."

"எதுக்கு?"

"குடிக்க."

"மிஸ்டர் புஷ்பதந்தன், நீங்க நயினார் வீட்டுப் பிள்ளை இல்லையா?"

"ஆமாம் சார்."

"நீங்களே கேட்டு வாங்கிக் குடிச்சிட்டு, நீங்களே புடிச்சும் குடுத்திருக்கீங்க."

"அந்த மாசம் கேஸ் எதுவும் இல்லை சார். ஒண்ணு காட்ட வேண்டியிருந்தது."

மூலையில் பியூன் இருமினான். சிரிப்பை அடக்குகிற இருமல். அதிகாரி இளையபெருமாள் பக்கம் திரும்பினார்.

"இன்னாய்யா? சார் எழுதியிருக்கிறது நெசமா?"

இளையபெருமாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இல்லையென்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்ல வேண்டும் என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

"ஆமாங்க" என்றார். "சாருதான் கேட்டாரு. ஆபீசரு கேட்டா நாங்க முடியாதுன்றதா?"

"இத்த அன்னிக்கே கோர்ட்டுல சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இலாகா ஆளே வற்புறுத்தி நடந்த குற்றம், மரமேறியின் நடத்தை மற்றபடி நன்று என்று ஏதோ எழுதினார். பன்னிரண்டு மரங்களும் திரும்பக் கிடைத்தன. என்னை விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார். விசாரணை எப்படி முடியும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெளியே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மூவரும் நடந்தோம். இளையபெருமாள் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் புளுவுற சார் நீ" என்றார். "அன்னிக்கி மரத்தடியிலே இதுல கால்வாசி புளுவியிருந்தாப் போதும். தாளு நீலமா ஆயிடுச்சின்னு எழுதியிருக்கலாம். யாரு வந்து பாக்கப்போறான்?"

"சும்மா வா" என்றாள் தனகோட்டி.

"இன்னா சும்மா வா? ஜெயிலு நானா, நீயா?" பீடியை இழுத்தார். "அம்மா வேணான்னு சொல்லிச்சேன்னு வாயக் கட்டிக்கினு நின்னேன். சரி, சாரு நல்ல மனுஷன், நாலு திட்டு திட்டிட்டு வுட்ருவாருன்னு பாத்தேன்."

அனந்தபுரம் பஸ் புறப்பட்டுப் போனது. புழுதி அடங்குவதற்காக நின்றோம். நான் தனகோட்டியிடம் கேட்டேன், "அவ என்னைப் பத்தி வேற எதாவது சொல்லுவாளா?"

"இன்னா சொல்லும்? ஒரு நா நீங்க எதையோ மறந்துட்டுத் திரும்பி வந்தீங்க பாரு. சைக்கிள் மணி கேட்டுச்சி. டம்ளர என் கையில தள்ளிட்டு, அரிசிப் பானைக்குப் பின்னாலே தூக்க ஒளிச்சிட்டு, வாயத் தொடச்சிக்கினு ஓடுச்சி. நீங்க போனப்புறம் வந்து சிரிச்சிச்சி பாரு, அப்பா! நெஞ்சு இன்னும் அடிச்சிக்குது தொட்டுப் பாருன்னுச்சி. தொட்டுப் பாத்தேன். அப்படி அடிச்சிக்குது." சற்று யோசித்தாள். "சிரிச்சிக்கினேதான் இருந்துச்சி சார்."

நான் மறந்துவிட்டுத் திரும்பி எடுத்துப்போனது லிட்மஸ் தாள் கட்டு. அன்று வாசலில் நின்று, "எல்லாம் எடுத்து வைக்கறதில்லையா?" என்று அவளைக் கடிந்துகொண்டதும் நினைவிருக்கிறது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கர்ப்பம் என்று நினைத்தேன்.

மறுநாளே பஜாரில் பேச்சு பரவிவிட்டது. பெண்டாட்டி செத்ததால் குடிக்கிறான் என்று சிலர். அதற்கு முன்பே குடித்தான், அந்தக் கவலையில்தான் அவள் போனாள் என்று சிலர். எதிர்ப்பட்டவர்கள் சைக்கிளை வளைத்து ஒதுங்கிப் போனார்கள்.

மாமா நான்கு மணிக்கு வந்தார். வீட்டுக்குள் வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கையில் நிலக்கடலைத் தோலின் சிவப்புப் பொடி. லீலாவதி இறந்த பிறகு அவர் என்னைத் தொட்டதில்லை.

"எங்க பொண்ணு பேரக் காப்பாத்திட்டீங்க மாப்ளே. உங்க பேரக் கெடுத்துக்கினு காப்பாத்திட்டீங்க. எந்தப் புருஷன் செய்வான்?"

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் பேருக்காக அல்ல மாமா, அவள் எனக்குப் பயந்தாள் என்று என் கையால் எழுத முடியவில்லை, அதற்காக என்று. வாய்வரை வந்தது. அவர் கண் கலங்கியிருந்தது.

"பொழுது சாயறதுக்குள்ள வந்து ஒரு வாய் சாப்டுங்க" என்றார். "அத்த காத்துக்கினு இருக்கா."

கூடவே போனேன். இலை போட்டார்கள். அத்தை பரிமாறினாள். வெயில் இன்னும் கூடத்தில் இருந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு இன்னும் சோறு வை, இன்னும் வை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.