சஹீர் பெயரில் வந்த அழைப்பு

சாப்பாடு கொண்டுபோகும் வேலையில் காய்ச்சலுக்கெல்லாம் லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்காவிட்டால் ஆப் கோபித்துக்கொள்ளும்; அடுத்த வாரம் முழுக்க ஆர்டரைக் கண்ணில் காட்டாது. அதனால் ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவன் படுத்துவிட்டால் அவன் ஐடியில் இன்னொருவன் ஓட்டிக் கொடுப்பான். சோறு போய்ச் சேர்ந்தால் கம்பெனிக்குப் போதும்.

அன்று படுத்தது கோட்டைமேட்டு சஹீர். ஓட்ட வந்தவன் அவனுடைய கூட்டாளி மோகன்குமார். ஆப் திறக்க முகம் கேட்டது. சஹீர் படுக்கையிலிருந்தே காட்டினான். அந்தப் போனையும் கம்பெனிச் சட்டையையும் வாங்கிக்கொண்டு, சஹீரின் மனைவி ஜன்னத் கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, "வாரனுங்க அக்கா" என்று மோகன்குமார் கிளம்பினான்.

மத்தியானம் ஜன்னத்தின் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண். சஹீர் ஆப்பில் ஆபத்து பட்டனை அமுக்கியிருக்கிறார், கூப்பிட்டால் எடுக்கவில்லை, அவசரத்துக்கு அவர் கொடுத்திருந்த எண் இது என்றாள். ஜன்னத்துக்கு சஹீர் என்ற பெயரைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை. அறைக்கு ஓடினாள். அவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றியைத் தொட்டாள், சுட்டது. அந்தச் சூடே அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"அவரு ஊட்டுலதானுங்க தூங்கறாரு. ஒண்ணுமில்லீங்க."

அப்படியானால் பட்டன் தவறுதலாக அமுங்கியிருக்கும் என்று அந்தப் பெண்ணும் வைத்துவிட்டாள். ஜன்னத் அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

பாத்திரமெல்லாம் கழுவிக் கடைசியில்தான் மோகன்குமார் குடித்து வைத்த டம்ளர் கையில் வந்தது.

பாவி மனசு அதுவரைக்கும் எங்கே போயிருந்ததோ. சஹீரை உலுக்கி எழுப்பினாள். மோகன்குமார் கொண்டுபோன சஹீரின் போனுக்கு அடித்தார்கள். மணி போனது, எடுப்பாரில்லை. கம்பெனியில் கேட்டால் அந்தப் புகார் முடிந்துவிட்டது என்றார்கள். போன் எங்கே இருக்கிறதென்று ஜன்னத்தின் போனில் தேடினார்கள். புள்ளி மதுக்கரை ரோட்டில் அசையாமல் நின்றது. காய்ச்சலோடு சஹீர் பக்கத்து வீட்டு வண்டியை வாங்கிக்கொண்டு பறந்தான்.

லாரி ஒன்று உரசிவிட்டு நிற்காமல் போயிருந்தது. ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி, சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் பள்ளத்தில் மோகன்குமார் கிடந்தான். வண்டி அவன் காலின்மேல் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததும் ஜன்னத் எழுந்து வெளியே போய்விட்டாள். காப்பீடும் கிடையாது என்றது கம்பெனி. காப்பீடு சஹீருக்குத்தானாம், சஹீர்தான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாரே.

ஜன்னத்துக்குப் போன் வந்ததைச் சஹீர் சொன்னதும், மயக்கம் தெளிந்த மோகன்குமார் முதலில் அவளைத்தான் பார்த்தான்.

"பட்டன அமுக்குனா உங்களுக்குப் போன் வரும்னு தெரியலீங்க அக்கா. ரொம்பப் பயந்துபோட்டீங்களா?"

பயந்தாள்தான். அவனுக்காக இல்லை. ஜன்னத் போர்வையை இழுத்து அவன் கால் இல்லாத பக்கத்தை மூடினாள்.