பிஞ்சில்லாத பூ

என் கொழுந்தன் மனைவிக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் சர்க்கரை. ஒரு பல் மருத்துவரிடம் காலை வேளையில் மட்டும் வரவேற்பில் உட்காருகிறாள். கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் "ஒண்ணுமே வலிக்காது, வாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். வீட்டிலும் அதே வாய்தான். அப்படிப்பட்டவள் மொட்டைமாடியில் வளர்க்கத் தேர்ந்தெடுத்தது பாகல். என்னுடையது பீர்க்கன்.

நான் சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். ஒன்பது மணி நேரம் குழல்விளக்கின் கீழ் நின்று கோணல் தையலையும் பிசிறையும் தேடுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் அடுப்படி. இடையில் மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை மாடியில் இருப்பேன். அந்த ஒரு மணி நேரம் மட்டும் யாரும் என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை. அதற்காகத்தான் போன வருஷம் முதல்முதலாக ஒரு பையில் மண் நிரப்பிப் பீர்க்கன் விதை ஊன்றினேன்.

கொடி ஆள் உயரம் ஏறி, முதல் மொட்டு விட்ட வாரத்தில் ஒரே நாளில் துவண்டு போனது. குனிந்து மண்ணை எடுத்து மோந்து பார்த்தேன். வெள்ளைத் துணிக்குப் போடும் சலவை மருந்தின் நெடி! கறை பட்ட சட்டைகளோடு பத்து வருஷம் பழகிய மூக்கு இது, தப்பாகச் சொல்லாது. அன்று மத்தியானம் மாடியில் துணி அலசியது சர்க்கரைதான். அவளும் படியேறி வந்தாள், எட்டிப் பார்த்தாள், எல்லார் காதிலும் விழும்படி உச்சுக்கொட்டினாள்.

"அக்கா பாவம், வேலை வேலைன்னு ஓடுறாங்க. தண்ணி ஊத்த மறந்துட்டாங்க போல."

என் வீட்டுக்காரர், "உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?" என்றார். மாமனார் தலையை ஆட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. கையில் சாட்சி என்று என்ன இருந்தது, ஒரு பிடி மண்ணும் என் மூக்கும்தான். ஆனால் அந்த நெடியை ஒரு வருஷம் நான் மறக்கவில்லை. சர்க்கரை சிரிக்கும்போதெல்லாம் அது எனக்கு அடித்தது.

இந்த வருஷம் அவளும் மாடியைக் கேட்டாள். மாடியில் பாதிக்குத்தான் வெயில். மீதியைப் பக்கத்துக் கட்டிடம் மறைத்துவிடும். பந்தல் போட இடம் ஒன்றுதான். மாமனார் தராசு, எடைக்கல் சோதிக்கும் அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வழக்கையும் தராசில் வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

"ஆளுக்கு ரெண்டு பை. ஒரே மண்ணு, ஒரே எரு. பீர்க்கனா பாகலா, வீட்டுக்கு எது தோதுன்னு பாத்துருவோம். நாலு மாசம். எது எடை கூடுதலோ, மாடி அவங்களுக்கு. தோத்தவங்க மாடிப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார்.

கொடிகள் ஏறின. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஜோடிதான். பீர்க்கன் முரட்டுச் செடி. இலை அகலம், தொட்டால் சொரசொரக்கும், கிடைத்த கம்பியை எல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்தில் பந்தலை மூடிவிடும். பாகல் மெலிசு. பற்றுக்கம்பி நூல் மாதிரி இருக்கும், ஆனால் விடாது. பாகல் பூப்பது விடியலில், பீர்க்கன் பூப்பது சாயங்காலம். இரண்டுக்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் பின்னால் குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும், ஆண் பூவின் பின்னால் வெறும் காம்புதான். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. விவரம் தெரியாதவர்கள் அதைப் பார்த்து, பூத்தும் காய்க்கவில்லையே என்று கவலைப்படுவார்கள்.

சர்க்கரையும் கவலைப்பட்டாள்.

"என்னக்கா இது, இவ்ளோ பூ வருது, ஒண்ணுகூடக் காயாகல?"

ஒரு வருஷமாகக் காத்திருந்த கதவு தானாகத் திறந்தது. முகத்தில் ஒரு சுருக்கமும் காட்டாமல் சொன்னேன்.

"பின்னாடி பிஞ்சு இல்லாத பூவெல்லாம் சும்மா வந்து சத்தை உறிஞ்சிட்டுப் போறதும்மா. மொட்டிலேயே கிள்ளிப் போட்டுடு. அப்புறம் பாரு, காய் எப்படிப் பிடிக்குதுன்னு."

"அப்படியா அக்கா? நல்லவேளை சொன்னீங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து கிள்ளினாள். நான் வரும்போது மாடிச் சுவரோரம் ஒரு கிண்ணம் இருக்கும், அதில் மஞ்சள் மொட்டுகள். என் ஒரு மணி நேரம் அந்தக் கிண்ணத்தை எண்ணுவதில் போனது. நாற்பது, ஐம்பத்தைந்து, அறுபது. சுற்றுவட்டாரத்தில் வேறு கொடி கிடையாது. மகரந்தத்துக்கு வண்டு எங்கே போகும்? பாகலில் பெண் பூக்கள் வந்தன, விரல்நுனி அளவு முள்முள்ளாகப் பிஞ்சோடு நின்றன, மூன்றாம் நாள் மஞ்சளாகி உதிர்ந்தன. உதிர்ந்ததைக் காலால் தள்ளிக்கொண்டு நான் மாடியில் உலாவினேன். அவ்வளவு குளிர்ச்சியாக என் வயிறு என்றைக்கும் இருந்ததில்லை.

ஞாயிறுதோறும் மாமனார் தராசைத் துடைத்துக்கொண்டு மேலே வருவார். வைக்க ஒன்றும் இருக்காது. தட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போவார்.

என் பீர்க்கனும் காய்க்கவில்லை. பந்தல் நிறைய இலை. கையளவுகூட ஆகாத பிஞ்சுகள் சூம்பி விழுந்தன. வெயில் கூடுதல் என்று நினைத்தேன். பிண்ணாக்குக் கரைத்து ஊற்றினேன். எனக்கு ஒரு காய் போதும், ஒரே ஒரு காய் காய்த்தால் மாடி எனக்குத்தானே என்று தைரியமாக இருந்தேன். தொழிற்சாலையில் இரண்டு முழத் தூரத்திலிருந்து ஒரு தையல் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிறவள், தலைக்கு மேலே தொங்கிய கொடியை ஒரு நாளும் கூர்ந்து பார்க்கவில்லை. கண் முழுக்கப் பாகல் மேல்தான்.

நாலாம் மாசத்தின் கடைசி ஞாயிறு. குடும்பம் மொத்தமும் மாடியில். மாமனார் காலித் தராசைப் பார்த்தார், இரண்டு கொடிகளையும் பார்த்தார்.

"என்னம்மா ரெண்டு பேரும்? எரு குடுத்தாச்சு, தண்ணி குடுத்தாச்சு. ஒரு பிஞ்சுகூடத் தங்கலையே?"

சர்க்கரை முன்னால் வந்தாள். "நான் எல்லாம் அக்கா சொன்ன மாதிரிதான் மாமா செஞ்சேன். பிஞ்சு இல்லாத பூவையெல்லாம் மொட்டிலேயே கிள்ளிட்டேன்."

"ஆண் பூவையா? அதைக் கிள்ளினா காய் எங்கேர்ந்தும்மா வரும்?"

"எனக்கு என்ன மாமா தெரியும்? அக்காதான் சொன்னாங்க. அக்காவுக்குப் பாவம் நேரமே இல்லை. அதனால தினமும் மத்தியானம் அவங்க பீர்க்கன்லயும் நானே கிள்ளி விட்டுட்டேன். அது கொத்துக் கொத்தா வருது, ஒரு கிள்ளு போதும்."

பந்தலை அண்ணாந்து பார்த்தேன். இலைகளுக்கு நடுவே ஆண் பூங்கொத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் நகத்தால் கிள்ளிய மொட்டைக் காம்புகள். கிண்ணத்தில் நான் ஆசை ஆசையாக எண்ணியதில் பாதி என்னுடையது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டுமென்றே சொன்னேன் என்றால் நான் கொலைகாரி. தெரியாமல் சொன்னேன் என்றால் நான் மடச்சி. இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டும்.

"எனக்குத் தெரியாது மாமா" என்றேன். "யாரோ சொன்னாங்கன்னு சொல்லிட்டேன்."

"தெரியாததை ஏம்மா அடுத்தவங்களுக்குச் சொல்லிக்குடுக்குற?" என்றார் மாமனார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொழுந்தன் வாயைப் பொத்திச் சிரித்தான். மாமனார் தராசை மடக்கினார். "ரெண்டு பேருக்கும் கை ராசி இல்லை. இங்க ரெண்டாவது தண்ணித் தொட்டி வச்சிடலாம். அதாவது உருப்படியா இருக்கும்."

எல்லாரும் இறங்கிய பிறகு நானும் அவளும் மட்டும் நின்றோம். அவள் கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"எங்க டாக்டர் வீட்டுல பாகல்தான்கா பந்தல் பூரா. நீங்க சொன்னதை அவர்கிட்ட கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சார்."

"தெரிஞ்சும் உன் கொடியையே நீ கெடுத்துக்கிட்டியா?"

"கெடுத்தாதானே நீங்க என்னோடதையே பாத்துட்டு இருப்பீங்க." கையை உதறினாள். "போன வருஷம் நீங்க மண்ணை மோந்து பாத்துட்டு ஒரு வார்த்தை பேசாமப் போனீங்களே, அன்னைக்கே தெரியும். இந்த அக்கா சும்மா விட மாட்டாங்கன்னு. ஒரு வருஷமா உங்ககிட்டேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வருதான்னு காத்துக்கிட்டே இருந்தேன். வந்துச்சு."

அவள் குரலில் அன்றைக்குச் சர்க்கரை இல்லை. பத்து வருஷத்தில் முதல்முறையாக அவள் என்னிடம் உண்மையாகப் பேசினாள் என்று பட்டது. எனக்கு ஆத்திரத்தில் அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் எதைச் சொல்லி அடிப்பது? என்னைக் கவிழ்க்கத் தன் கொடியைத் தானே கிள்ளியவள் அவள். என் கொடியில் ஒரு மொட்டைக் கிள்ள எனக்கு மனசு வந்திருக்காது. வஞ்சத்திலும் அவள்தான் எடை கூடுதல்.

அடுத்த வாரம் தொட்டி வந்தது. கறுப்பாக, பெரிதாக, வெயில் விழும் பாதியை முழுதும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஆறரை மணிக்குப் பழக்கத்தில் படியேறிப் போனேன். பந்தல் இருந்த பக்கம் நிற்க இடமில்லை, திரும்பி இறங்கினேன். சமையலறையில் சர்க்கரை கடையில் வாங்கிய பீர்க்கங்காயைக் குவித்து வைத்திருந்தாள்.

"வாங்கக்கா, இப்பதான் உங்களுக்கு நேரம் இருக்கே" என்று நகர்ந்து இடம் விட்டாள். கத்தியை எடுத்து, கைப்பிடி என் பக்கம் வரும்படி திருப்பி நீட்டினாள். வாங்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, தோல் சீவ ஆரம்பித்தேன்.